மணவூர்ச் சேறு

நான் சொல்லப்போவதெல்லாம் சரியாக நினைவிருந்து சொல்வதுதானா என்று எனக்கே நிச்சயமில்லை. சுதந்திரக் கொடி ஏற்றிய வருஷமா, அதற்கு முந்தின வருஷமா என்பதில்கூடக் குழப்பம் இருக்கிறது. மழை இல்லாத வருஷங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கோடையில் நடந்ததை இன்னொரு கோடையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேனோ என்று எழுதும்போதே தோன்றுகிறது. கெங்கம்மாள் எங்கள் கொல்லைக் கதவருகே நின்று பேசியதில் மட்டும் சந்தேகம் இல்லை. அவள் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது.

எங்கள் குடும்பம் திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைத்துவந்த குடும்பம். எனக்கு இளைப்பு உண்டு. புகை ஆகாது. மடைப்பள்ளிக்குள் கொஞ்ச நேரம் நின்றாலே மூச்சு முட்டிவிடும். அதனால் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, கோயிலுக்குப் போகும் அரிசியிலும் பருப்பிலும் கல் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மற்ற நேரத்தில் கிடைத்ததைப் படிப்பேன். வீட்டில் என்னோடு அதிகம் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். அது இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

கங்காதரன் சார் சென்னையிலிருந்து வந்தவர். பூமிக்குள் இருக்கும் பாறைகளையும் மண் அடுக்குகளையும் படித்தவர். பஞ்ச காலத்தில் ஊர்களுக்குக் குழாய்க் கிணறு போடுவதற்காகச் சர்க்கார் அனுப்பிய ஆள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பார்ப்பதற்கு இன்னும் வயதானவர்போல் இருப்பார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வெளிச்சம் உள்ள ஓர் அறை வேண்டுமென்று தேடிக்கொண்டு வந்தார். எங்கள் கொல்லையில் மாடு இல்லாத மாட்டுக் கொட்டகை இருந்தது. அதைக் கேட்டார். என்ன வேலை செய்யப்போகிறார் என்று அப்பா விசாரித்தார். மண்ணைக் கழுவி அதிலுள்ள சின்னச் சின்னக் கடல் பிராணிகளின் ஓடுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்றார் அவர்.

"செத்த ஜந்துவா?" என்றார் அப்பா.

"செத்துப் பல கோடி வருஷம் ஆச்சுங்க. தீட்டெல்லாம் போயிருக்கும்."

அப்பா சிரித்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று சிரித்தார். கொட்டகையைக் கொடுத்துவிட்டார். என் பொறுக்கும் வேலையைப் பார்த்துவிட்டு, கங்காதரன் சார் என்னையும் அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வேலை இதுதான். குழாய் இறங்க இறங்க, உள்ளேயிருந்து வரும் மண்ணை அடி வாரியாகத் தகர டப்பாக்களில் போட்டு அனுப்புவார்கள். அதைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் காய்ச்சி, மிக நுண்ணிய சல்லடையில் ஊற்றிக் கழுவ வேண்டும். சேறெல்லாம் போய் ஒரு சிட்டிகை மணல் மிஞ்சும். அதைக் காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடிக் கருவியின் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். மணலுக்கு நடுவே எங்காவது ஓர் ஓடு இருந்தால், நுனி ஈரமான தூரிகையால் தொட்டு எடுக்க வேண்டும். ரவையைவிடச் சிறியது. வெறும் கண்ணுக்குத் தூசி. கருவியின் கீழே பார்த்தால் அது ஒரு வீடு. அந்தப் பிராணி மணல் துகள்களைத் தானே ஒட்டிக்கொண்டு கட்டிய வீடு.

மணவூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் முதல் குழாய் இறக்கியபோது ஒரு கறுப்புக் களிமண் அடுக்கு வந்தது. அதற்குக் கீழே மணல். அந்த மணலில் தித்திப்பான தண்ணீர். கறுப்புக் களிமண்ணைக் கழுவியதில் ஒரு தனி மாதிரி ஓடு நிறையக் கிடைத்தது. ஒரு முனை சுருண்டு, மறுமுனை நேராக நீண்டிருக்கும். தொரட்டியின் நுனிபோல இருந்ததால் நாங்கள் அதற்குக் கொக்கி என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

கொக்கியைப் பற்றி கங்காதரன் சார் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல் உள்ளே வந்து நின்றிருக்கிறது. அந்தக் கடலில் கொக்கி கொஞ்ச காலம்தான் வாழ்ந்தது. பிறகு அற்றுப்போயிற்று. ஆகவே வெவ்வேறு ஊர்களில் எடுத்த மண்ணில் கொக்கி இருந்தால் அவை ஒரே காலத்தில் படிந்த ஒரே அடுக்கு. அப்படியானால் மணவூரைப்போலக் கீழே தண்ணீர் மணலும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஏரியிலும் கறுப்புக் களிமண் படியும். ஏரிக் களிமண்ணுக்குக் கீழே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது குழாய் கனகம்மாசத்திரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இறங்கிக்கொண்டிருந்தது. அது போரிங் மேஸ்திரி பரசுராமனின் சொந்த ஊர். மணவூரில் தண்ணீர் எடுத்தவரும் அவர்தான். அவருடைய ஊரில் இருந்த ஒரே கிணறு தரை தட்டிவிட்டது. பெண்கள் ரோட்டோரச் சத்திரத்துக் கிணறுவரை குடத்தோடு போய்க் காத்திருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார்கள். மேஸ்திரியின் மனைவி கெங்கம்மாள் போக மறுத்துவிட்டாள். புருஷன் ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன், அவன் பெண்டாட்டி தண்ணீருக்காக ஊரை விட்டு ஓடினாள் என்று பேச்சு வரக் கூடாது என்றாளாம்.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. போரிங் செட்டை ராயலசீமைப் பக்கம் அனுப்ப வேண்டும், அங்கே நிலைமை இன்னும் மோசம். இங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் காட்டினால் மட்டும் செட் இங்கேயே இருக்கலாம். ஆதாரம் என்றால் கொக்கி. வேறொன்றும் இல்லை. மேஸ்திரிக்கும் அது தெரியும். கங்காதரன் சார் அவரிடம் எதையும் மறைத்ததில்லை.

கறுப்புக் களிமண் வந்துவிட்டது என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார். டப்பாக்கள் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. அந்த பஸ் மேட்டில் நின்றுவிட்டால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். டப்பாக்களுக்குப் பங்கம் வரக் கூடாதென்று கண்டக்டர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னான். முதல் தட்டிலேயே கொக்கி கிடைத்தது. அடுத்ததில் இன்னும் சில. கங்காதரன் சார் கருவியை விட்டு எழுந்துபோய்க் கொல்லையில் நின்றார். முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு சென்னைக்கு எழுதினார். செட் இருக்கலாம் என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த சில நாளில் கெங்கம்மாள் வந்தாள்.

கிருத்திகைக் கூட்டம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கொல்லைக் கதவருகே யாரோ நிற்பதைப் பார்த்து நான் எட்டிப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. தலையை மழித்துச் சந்தனம் பூசியிருந்தாள். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். எங்கள் வீட்டாரை நினைத்து வாசலுக்கு வராமல் கொல்லைப்புறமாக வந்திருந்தாள்.

"சாரு இருக்குறாரா சாமி? பிரசாதம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கங்காதரன் சார் உள்ளே கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தபடியே, தலையை என்னம்மா செய்துவிட்டாய் என்று கேட்டார்.

"வேண்டிக்கினு இருந்தேங்க. அந்த ஓடு கெடச்சா முடி குடுக்கறேன்னு. தண்ணி வந்த பொறவு குடுன்னு எங்க வூட்டாரு சொன்னாரு. நான்தான் கேக்கல. முருகன் ஓட்டைக் காட்டிட்டாரு, தண்ணிய மட்டும் ஒளிச்சி வெச்சிக்கவா போறாரு?"

சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அப்புறம் தன் புருஷனைப் பற்றிக் கொஞ்சம் கிண்டலாகவும் கொஞ்சம் பெருமையாகவும் பேசினாள். மனுஷன் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினது கிடையாது, ஆனால் இதற்கு மட்டும் மணவூரிலிருந்து தோளில் சுமந்துகொண்டு வந்தார் என்றாள்.

"எதைச் சுமந்துகினு வந்தாரு?" என்றார் கங்காதரன் சார்.

"சேறுதாங்க. மணவூரு கொழாயில எடுத்த சேறு. ஒரு கொடம். கறுப்பு மண்ணு வந்த அன்னிக்கி கற்பூரம் கொளுத்தி உள்ள ஊத்தினாரு. நல்ல கெணத்து சேத்தை புதுக் கெணத்துல உட்டா ஊத்து வழி புட்ச்சிகினு வரும். எங்க மாமனாரு காலத்துல இருந்து செய்யறதுங்க."

கங்காதரன் சார் கையில் தூரிகை இருந்தது. அதை எடுத்த இடத்திலேயே வைத்தார். கெங்கம்மாள் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு, பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போனாள். அவள் மொட்டைத் தலை தெருக்கோடி திரும்பும்வரை தெரிந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மணவூர்ச் சேற்றில் கொக்கி நிறைய உண்டு. அதை ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினால் இந்தக் குழாயில் எடுக்கும் மண்ணில் கொக்கி இருக்கத்தான் செய்யும். நாங்கள் பொறுக்கி எடுத்தது மேஸ்திரி ஊற்றியதையா, பூமி வைத்திருந்ததையா? இனிமேல் எத்தனை டப்பா வந்தாலும் அதே கேள்விதான்.

எனக்குத் தோன்றியதை மெல்லச் சொன்னேன். உத்தரவு வந்துவிட்டது, செட் இருக்கிறது, வேலை நடக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? தண்ணீர் வந்தாலும் வரும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வந்தாலும் வரும்," என்றார். பிறகு, "செட்டுக்காக ராயலசீமையில ஒரு ஊர் காத்துகிட்டிருக்கு குமாரசுவாமி. அந்த ஊர்லயும் யாராவது முடி கொடுத்திருப்பாங்க," என்றார்.

மறுநாள் மேஸ்திரியின் ஊருக்குக் கிளம்பிப் போனோம். சத்திரத்தில் இறங்கி, காய்ந்த ஏரிக்குள்ளேயே குறுக்காக நடந்தோம். ஏரி வெடித்திருந்தது. எனக்கு மூச்சு வாங்கியதால் அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது. கங்காதரன் சாரும் நின்றார். அவர் அவசரப்படவில்லை. போய்ச் சேராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாரோ என்னவோ.

முக்காலிபோலச் சாய்த்து நட்டிருந்த மூன்று மரங்களின் கீழே ஆட்கள் குழாயைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி எங்களைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். கட்டையான ஆள். வெயிலில் நின்று நின்று கண் எப்போதும் சுருங்கியிருக்கும். கங்காதரன் சார் அவரைத் தனியாக வேப்ப மரத்தடிக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவதுபோலச் சொன்னார். மேஸ்திரிக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மணவூருக்கும் இப்பிடித்தாங்க செஞ்சேன். சோளிங்கரத்துக் கெணத்து சேறு கொணாந்து உட்டேன். தண்ணி வந்துதே சார்."

கங்காதரன் சார் சிரித்துவிட்டார். அது நல்ல சிரிப்பு இல்லை. சோளிங்கரத்துக் கிணறு கருங்கல்லில் வெட்டிய கிணறு, அதில் ஓடு கிடையாது, அதனால் மணவூர் தப்பியது என்றார்.

பிறகு, ஊற்றுவதற்கு முன்னால் வந்த கறுப்பு மண் எங்காவது இருக்கிறதா, கட்டியாக இருந்தால் போதும் என்று கேட்டார். கட்டியை உடைத்து, வெளிப்புறத்தைச் சீவி எறிந்துவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் கழுவிப் பார்க்கலாம். அதற்குள் யாரும் எதையும் ஊற்றியிருக்க முடியாது.

மேஸ்திரி தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு இருக்குதுங்க. ஆனா பூசையில இருக்குது," என்றார்.

குழாயின் அடிநுனியில் மண்ணை வெட்டும் பல்லில் சிக்கிக்கொண்டு வந்த முதல் கட்டி அது. வீட்டில் விளக்கு மாடத்தின் கீழே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளிப்பூ சாத்தி வைத்திருந்தார்கள். தண்ணீர் வந்ததும் அதைத் தண்ணீரிலேயே கரைப்பதாக நேர்ந்திருந்தார்களாம். கெங்கம்மாள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். நேற்றுப் பேசிய பெண் இவளா என்று இருந்தது.

"நான் சொல்லாம இருந்திருந்தா?" என்றாள்.

மேஸ்திரி அவளைத் திட்டவில்லை. அவரே கட்டியை எடுத்து, பூவை மாடத்தில் வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே நல்ல கறுப்பு. ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. நடுப்பகுதியை கங்காதரன் சார் ஒரு சுத்தமான துணியில் முடிந்துகொண்டார்.

நாங்கள் புறப்பட்டபோது மேஸ்திரியும் கூடவே வந்தார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சல்லடையை வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவினோம். தட்டு, தூரிகை, பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினோம். மணல் காய்ந்ததும் நான் பொறுக்க உட்கார்ந்தேன். மேஸ்திரி கொல்லையில் துளசி மாடத்துக்கு எட்ட, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா மோர் கொடுத்தனுப்பினாள். குடித்தார். பீடி பிடிக்கவில்லை. நான் தட்டைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு போனேன். மணல். உடைந்த மைக்காத் தகடு. கருகின இலைத் துணுக்குகள். மறுபடி மணல். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை. ஒரு கொக்கி இருந்துவிடாதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் தோன்றும். தோன்றத் தோன்ற, இல்லாததை இருப்பதாகப் பார்த்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடி பார்ப்பேன்.

கடைசித் தட்டில் ஒரு துணுக்குக் கிடைத்தது. மணல் துகள்கள் ஒட்டிச் சேர்ந்த, நீளமான துண்டு. கொக்கியின் காம்புப் பக்கம்போல இருந்தது. சுருள் இல்லை.

சாரைக் கூப்பிட்டேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். கண்ணை எடுத்தார். மறுபடி பார்த்தார். தூரிகையால் புரட்டிப் பார்த்தார். மேஸ்திரி எழுந்து வந்து கதவுக்கு வெளியே நின்றார்.

"இருக்குதுங்களா சார்?"

"ஒண்ணு இருக்கு. அது என்னன்னு சொல்ல முடியல."

"அதான் அதுன்னு எழுதிடக் கூடாதுங்களா?"

கங்காதரன் சார் எழுந்து அவரை உள்ளே வரச் சொன்னார். அப்பா பார்த்தால் என்ன சொல்வாரோ என்று எனக்கு இருந்தது. ஆனால் நானும் நகர்ந்து வழி விட்டேன். மேஸ்திரி குனிந்து ஒரு கண்ணால் பார்த்தார். மணவூர்க் கொக்கி ஒன்றையும் சார் பக்கத்தில் எடுத்து வைத்தார். மேஸ்திரி அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார்.

"வளைவு இல்ல சார்," என்றார்.

"ஆமா. உடைஞ்சு போயிருக்கலாம். மொதல்லயே இல்லாமலும் இருக்கலாம். மணல் தானா ஒட்டிக்கினதாவும் இருக்கலாம்."

"ஆங்," என்றார் மேஸ்திரி. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருவியில் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்குக் கண்ணில் நீர் வரும். "எழுதிடுங்க சார்," என்றார்.

எதை எழுதச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கங்காதரன் சாரும் கேட்கவில்லை. முன்பு அனுப்பிய ஆதாரம் நம்பத் தகாதது, அந்த ஊரின் களிமண் மணவூர் அடுக்கா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார். குடத்தைப் பற்றி எழுதவில்லை. மண் எடுத்ததில் தன் கவனக்குறைவு என்று போட்டார். நான்தான் நகல் எடுத்தேன்.

செட் போன நாளில் நான் அங்கே இல்லை. ஆட்கள் முக்காலியைப் பிரித்து லாரியில் ஏற்றும்போது ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரும் சண்டை போடவில்லை என்று பஸ் கண்டக்டர் சொன்னான். மேஸ்திரி லாரியில் முன்னால் உட்கார்ந்து போனாராம். அது அவர் வேலை. கெங்கம்மாள் குழாயின் வாயில் ஒரு கல்லை வைத்து மூடினாளாம், ஆடு கால் விட்டுவிடும் என்று.

கங்காதரன் சார் அந்த வருஷமே கொட்டகையைக் காலி செய்துகொண்டு போனார். பிறகு அஸ்ஸாமில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தார். பொங்கலுக்கு ஒரு கார்டு வரும். சில வருஷங்களில் அது நின்றது. அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனதாகத் தெரிந்தது. பரசுராமன் ராயலசீமையில் பல ஊர்களில் தண்ணீர் எடுத்தார். கெங்கம்மாளையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. முடி மறுபடி நீளமாக வளர்ந்திருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவரும் அவளும் இப்போது இல்லை. அப்பா போய்விட்டார். அந்த ஊரில் வெகுகாலம் கழித்து வேறு யாரோ வேறோர் இடத்தில் போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது. அது எந்த அடுக்குத் தண்ணீர் என்று யாரும் பார்க்கவில்லை. நான் திருத்தணியில்தான் இருக்கிறேன். இரண்டு கண்ணிலும் புரை.